ஸ்டியரிங் பெட்டியும் பட்டு வேட்டியும்

பழைய கார் வைத்திருப்பவன் யாரையும் நம்பமாட்டான். மெக்கானிக் குனிந்தால் எதைக் கழற்றுகிறான் என்று பார்ப்பான். நிமிர்ந்தால் எதைப் பூட்டாமல் விட்டான் என்று பார்ப்பான். கல்யாணத்துக்கு முன்பு, வெள்ளவத்தையில் என்னைவிட வயதில் மூத்த ஒரு இங்கிலீஷ் காருக்குச் சொந்தக்காரனாக இருந்தபோது, இந்த வியாதி எனக்கு முற்றிப் போயிருந்தது.

அந்தக் காரின் ஸ்டியரிங் இறுகிவிட்டது. ஒரு லேனுக்குள் திருப்பி எடுப்பதற்குள் தோள்மூட்டு கழன்றுவிடும். தெமட்டகொடையில் ஒரு பாஸிடம் காட்டினேன். (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.) ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே பற்சக்கரங்கள் வறண்டு கிடக்கின்றன, கிரீஸ் அடைத்துவிடலாம் என்றார். எனக்கு உடனே சந்தேகம். இணையத்தில் தேடினேன். கிரீஸ் கூடவே கூடாது, கியர் ஒயில்தான் என்று இங்கிலாந்துக் கிழவர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். பிறகு ஒயிலின் தடிப்பு எண் தொண்ணூறா, நூற்றுநாற்பதா என்று அதே கிழவர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறினார்கள். இரண்டாவது, தேன் மாதிரித் தடித்த ஒயில்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் முதலாளி, "தொண்ணூறு போதும் தம்பி. இந்தக் காருக்கு அதைத்தான் ஊத்துறது" என்றார். விலை குறைந்ததை ஏன் தருகிறார்? மூடியைத் திறந்து மோந்தேன். தலை சுற்றியது.

"கூழ்முட்டை மணம் அடிக்குதே. பழசோ?"

"கியர் ஒயில் அப்பிடித்தான். அத்தர் வேணுமெண்டா பக்கத்துக் கடைக்குப் போங்க."

வாங்கினேன். ஆனால் பாஸின் கையில் கொடுத்தால் பாதியை ஒளித்துவிடுவார் என்று நானே நிரப்பத் துணிந்தேன். பெட்டியின் மேலே ஒரு திருகாணி. அதைக் கழற்றி, பம்ப் ஒன்றை இறுக்கிப் பொருத்தி அமுக்கினேன். போனது. மறுபடி அமுக்கினேன். போய்க்கொண்டே இருந்தது. கையளவு பெட்டி முழுப் போத்தலையும் குடித்துவிட்டது. காருக்கடியில் படுத்துப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கசிவில்லை. ஆகவே கடைக்காரர்தான் போத்தலைக் குறைத்து நிரப்பி என்னை ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டினேன். பெட்டியிலிருந்து ஸ்டியரிங் வளையம் வரை ஒரு வெறுங்குழாய் மேலே ஏறுகிறது என்பது என் ஆராய்ச்சியில் அகப்படவில்லை.

அடுத்த நாள் காலை என் வாழ்க்கையின் முக்கியமான பயணம். எனக்குப் பேசியிருந்த சுகந்தியையும் அவளுடைய அப்பா அம்மாவையும் கொட்டாஞ்சேனைக் கோவிலுக்கு நான் கூட்டிப் போகிறேன். சம்பந்தப் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. மிச்சக் கால்வாசி, மாப்பிள்ளையை அவர்கள் பக்கத்திலிருந்து பார்ப்பது. அவளுடைய அப்பா, அதாவது அங்கிள், ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். ஆயுள் முழுக்கப் பிறரைச் சந்தேகித்துச் சம்பளம் வாங்கியவர். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் புதுப் பட்டு வேட்டியில்.

காலி வீதியில் ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரிச் சுழன்றது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. புறக்கோட்டையில் கைவண்டிகளுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டும்போதுதான் அந்த மணம் எழும்பியது.

பின்னால் அன்ரி (சுகந்தியின் அம்மா) கண்ணாடியை இறக்கினார். அங்கிள் என்னைப் பார்த்தார். நான் அங்கிளைப் பார்த்தேன். (காலையில் என்ன சாப்பிட்டிருப்பார்? இந்த வயதில் பாவம்.) பெருந்தன்மையோடு நானும் என் பக்கக் கண்ணாடியை இறக்கினேன். அவர் அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

"தம்பி, உடம்புக்கு ஏதும் செய்யுதோ?"

"இல்லை அங்கிள். உங்களுக்கு?"

"எனக்கென்ன?" என்றார், குரல் ஒரு படி ஏறி.

மடியில் ஏதோ இளஞ்சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன். முன்னால் ஒரு பஸ், பக்கத்தில் ஒரு முச்சக்கரவண்டி, குனிந்து பார்க்க வழியில்லை.

கோவிலடியில் இறங்கி, அன்ரிக்குக் கதவு திறக்க ஓடினேன். அவர் என் வேட்டியைப் பார்த்தார். "ஐயோ, பிள்ளை!" என்றார். குனிந்தேன். மடியிலிருந்து முழங்கால் வரை, பட்டு வேட்டியில், மண்ணிறத்தில், பளபளவென்று, அந்த மணத்தோடு.

"அங்கிள், இது ஒயில்! கியர் ஒயில்!"

"ஓம் ஓம்."

"ஸ்டியரிங்கால வழியுது! வந்து பாருங்கோ!"

"அதைப் பிறகு கதைப்பம். முதல்ல போய்க் கால் கழுவுங்கோ."

பூக்காரப் பெண் கூடைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சுகந்தி மட்டும் காருக்குள் எட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங் வளையத்தின் அடியிலிருந்து சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு விரலால் தொட்டு மோந்தாள். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளுக்கு அழுகை என்று நினைத்து அன்ரி அவளை அணைத்துக்கொண்டார். அவர்கள் முச்சக்கரவண்டியில் திரும்பிப் போனார்கள். சம்பந்தமும் அதிலேயே ஏறிப் போய்விட்டது என்று நினைத்தேன்.

பின்னேரம் சுகந்தி போன் எடுத்தாள். "அப்பா ஓமெண்டிட்டார். உந்த நிலைமையிலயும் பொய் சொல்லி மானத்தைக் காப்பாத்தப் பாத்த பெடியன், குடும்பத்தையும் காப்பாத்துவானாம்."

"நீர் உண்மையைச் சொல்லேல்லையா?"

"சொன்னனான். நான் உங்களுக்குப் பரிந்து கதைக்கிறனாம்."

கல்யாணமாகிப் பதினைந்து வருடங்களாகியும் என் கட்சியில் ஒரு சாட்சிதான். மாமி இன்றும் என் தட்டில் பருப்பு வைப்பதற்கு முன் யோசிப்பார். போன வருடம் மாமாவை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போனேன். வவுனியா தாண்டியதும் அவர் நெளிந்தார், வேர்த்தார், கடைசியில் பின்னாலிருந்த பேரப்பிள்ளைகளுக்குக் கேட்காமல் என் காதோடு சொன்னார்:

"தம்பி, கெதியா ஒரு இடத்தில நிப்பாட்டும். எனக்கும் கியர் ஒயில்."