மைசூராரும் மூக்கறுப்பும்

திண்டுக்கல்லில் ஒருவர் எதிரே வந்தால் போலீஸ்காரரே பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார் என்றால், அது எங்கள் தெரு மைசூரார்தான். புகையிலை மண்டித் தரகர். மைசூரை அவர் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது.

நாலு பேர் முன்னால் அவமானப்பட்டவன் 'மூக்கறுப்பு' என்று சொல்லிவிடக் கூடாது. கையைப் பிடித்துக்கொள்வார். "ஏப்பா, அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்துச்சு தெரியுமா?" தெரியும் என்றாலும் விடமாட்டார். நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கியது; அகப்பட்டவர் மூக்கையெல்லாம் அறுத்து மூட்டை கட்டி மைசூருக்கு அனுப்பியது; நம் படை விரட்டிப் போய் அவர்கள் மூக்கை அறுத்தது. சரித்திரத்தில் நாலு வரி, மைசூராருக்கு முக்கால் மணி நேரம். சலூனில் பாதிச் சவரத்தோடு ஒருவர் எழுந்து ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

அறுபதுகளில் என் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்னால் பலகாரப் பந்தி. மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் புழுதி வேட்டியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"எந்திரிங்கய்யா, இது மாப்பிள்ளை வீட்டுப் பந்தி" என்று எழுப்பிவிட்டார்.

எழுந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். குஜிலியம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்.

"இலையில உக்காந்தவனை எழுப்புறீங்களா? இதைவிட மூக்கறுப்பு உண்டா?" என்று கத்திவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். மாமன் இல்லாமல் தாலி கட்ட முடியாது என்றுவிட்டார் மாப்பிள்ளை. என் தங்கை முகூர்த்தப் புடவையில் அழுதுகொண்டிருந்தாள்.

எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மைசூராருக்கோ காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். இட்லியை இலையிலேயே விட்டுவிட்டு எச்சில் கையோடு ஓடினார். நானும் அப்பாவும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தாய்மாமனின் துண்டு மைசூராரின் பிடியில் இருந்தது.

"செத்த நேரம் கேளுங்கப்பு. மூட்டை மூட்டையா மூக்கு!"

"விடுய்யா, பஸ் போகுது!"

"போகட்டும். படை இன்னும் சத்தியமங்கலமே தாண்டலையே!"

பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். தாய்மாமனுக்குப் பசி வேறு. அப்பாவைப் பார்த்து, "நான் பந்திக்கே வாரேன். இந்த ஆளை மட்டும் எம் பக்கத்துல உக்கார வைக்காதீங்க" என்றார்.

முதல் இலை அவருக்கு. சித்தப்பாவே மன்னிப்புக் கேட்டுப் பரிமாறினார். நல்ல நேரம் தப்பாமல் தாலி ஏறியது.

கூட்டம் கலைந்த பிறகுதான் மைசூரார் ஓரமாக நிற்பதைப் பார்த்தேன். அவர் பாதியில் விட்ட இலையை அப்போதே எடுத்துவிட்டார்கள்.

"அண்ணே, நீங்க சாப்பிடலையே!"

"அது கிடக்குப்பா. அந்த மனுசன் பாதிக் கதையில போயிட்டாரு."

அவரை உட்கார வைத்து நானே இலை போட்டேன். "மீதியை எனக்குச் சொல்லுங்கண்ணே" என்றேன். கல்யாண வேலை அம்பாரமாகக் கிடக்க, கடைசி மூக்கு வரைக்கும் கேட்டேன்.