பொத்தான் அறுந்த மஞ்சள் கவுன்

காரைக்குடியில், இலவசமாகக் கொடுப்பவர்களையே நிற்க வைத்துத் திட்டுகிற ஒரே மனிதர் எங்கள் குட்டியானைதான். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. அவர் ஓட்டுகிற சின்ன லோடு வண்டிக்கு ஊரில் வழங்கும் பெயர் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. மற்ற நாட்களில் சிமென்ட் மூட்டை ஏற்றுவார். ஞாயிறானால் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளின் பழைய துணி, நடைவண்டி, ஸ்கூல் பேக் எல்லாம் வாங்கி, சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இல்லாதப்பட்ட வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

வாங்குவதைச் சும்மா வாங்க மாட்டார். ஒவ்வொரு சட்டையையும் வெயிலில் தூக்கிப் பிடித்து, ஜவுளிக்கடை முதலாளியே தோற்றுப்போகும் அளவுக்குக் குறை கண்டுபிடிப்பார். செக்காலைத் தெருவில் ஒரு பெரிய வீட்டு ஆச்சியிடம் மூட்டையைத் திருப்பிக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

"பொத்தான் இல்லாதத எப்படி ஆச்சி புள்ளைக்குப் போடுறது? தச்சு வைங்க, அடுத்த வாரம் வாரேன்."

"ஓசியில குடுக்கிறதுக்கு இம்புட்டுச் சட்டமாய்யா?"

"போட்டுக்கிறதும் புள்ளைதான ஆச்சி."

ஆச்சி முணுமுணுத்துக்கொண்டே ஊசி தேடப் போனார்.

கடைசியில் எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி கேட்பார். "போட்டிருந்த புள்ள நல்லாருக்கா?" எங்கள் பக்கத்தில் நன்றாக வளர்கிற பிள்ளையின் பழைய துணியைக் கேட்டு வாங்கித் தங்கள் குழந்தைக்குப் போடுவார்கள், அந்த ராசி இதற்கும் வரும் என்று. இறந்த பிள்ளையின் துணி என்றால் தொட மாட்டார்கள்.

என் மகள் மூன்று வயது முடியுமுன் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு வருடம் அவள் துணி பீரோவிலேயே இருந்தது. எறிய மனம் வரவில்லை. ஏதாவது ஒரு குழந்தை போட்டுக்கொண்டால் போதும் என்றிருந்தது. அதனால் அவள் மஞ்சள் கவுனையும் மற்ற துணிகளையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்து, குட்டியானை கேட்டபோது, "நல்லாருக்கா, அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கா" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு வாசலில் வந்து நின்றார்.

"பொய் சொல்லிப்புட்டீகளே சார். புள்ள வளர வளரக் கீழ்மடிப்பப் பிரிச்சு நீளமாக்கி, இனிமே பிரிக்க இடமில்லன்னாத்தான் கவுன வெளிய குடுப்பாக. உங்க மஞ்சக் கவுனுல ஒரு மடிப்புகூடப் பிரிக்கல."

எனக்குத் தலை நிமிரவில்லை. மூட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் கையில் ஒன்றுமில்லை.

"கண்டரமாணிக்கத்துல ஒரு தாய்கிட்ட உள்ளதச் சொல்லிட்டேன். வேணாம்னா திருப்பிக் கொண்டு போயிருறேன்னேன். கவுன மடியில வச்சுக்கிட்டு, அந்தப் புள்ள பேரு என்னண்டு கேட்டுச்சு. அதக் கேக்கத்தான் வந்தேன்."

ஒரு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர் அது. அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள்.

"மீனா" என்றாள்.

இரண்டு மாதம் கழித்துக் குட்டியானை அந்த மஞ்சள் கவுனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"கண்டரமாணிக்கத்துப் புள்ள ஓடுறா, விழுகுறா, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறா. பொத்தான் அந்துபோச்சு. தச்சுக் குடுங்கம்மா."

மனைவி பொத்தானைத் தைத்தாள். பிறகு கவுனைத் திருப்பிப் போட்டு, கீழ்மடிப்பு ஒன்றையும் பிரித்துவிட்டாள். "வளந்திருப்பாள்ல" என்றாள்.

கண்டரமாணிக்கத்தில் ஊசியும் நூலும் கிடைக்காதா என்று அவரைக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அந்த மனுஷன் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.