கூறைப்புடவை பறந்து வந்த முகூர்த்தம்

வெளிநாட்டில் பட்டத்தைக் கட்டிக் கப்பலை இழுக்கிறார்கள் என்று டிவியில் காட்டினால், எங்கள் வீட்டில் யாரும் வாயைப் பிளப்பதில்லை. "இவுக அந்தக் காலத்துலயே கட்டில்ல வந்தாக" என்று என் மனைவி வளர்மதி சொல்லிவிட்டு எழுந்து போவாள். உண்மைதான். பட்டம் இழுத்த கட்டிலில் கண்மாயைக் கடந்துபோய்த் தாலி கட்டியவன் நான். (சத்தியமாத்தான் சொல்றேன், சிரிக்காதீக.)

எண்பதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். வடை மடித்துக் கொடுத்த பத்திரிகைத் தாளில், பட்டம் இழுக்கும் படகில் ஒரு வெள்ளைக்காரர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். படகை எப்படி நிறுத்துவது என்ற பகுதியை எண்ணெய் குடித்திருந்தது. போவதுதானே முக்கியம் என்று கதவு அகலத்துக்கு ஒரு துணிப் பட்டம் கட்டினேன். எங்கள் பக்கத்தில் படகுக்கு எங்கே போவது? மச்சினன்மாரிடம் பட்டத்தையாவது காட்டிப் பீற்றிக்கொள்ளலாம் என்று கல்யாணத்தன்று அதைப் பஸ் கூரையில் ஏற்றினேன்.

அந்தக் கார்த்திகையில் பார்த்து மழை கொட்டித் தீர்த்திருந்தது. திருச்சுழி தாண்டி, பெண்வீட்டு ஊருக்குள் நுழையுமுன் ரோட்டை ஓடை அறுத்துவிட்டது. பஸ் நின்றது. எதிரே ததும்பி நிற்கும் கண்மாய். அக்கரையில் கல்யாணப் பந்தல். மைக் தெளிவாகக் கேட்டது: "மாப்பிள்ளை வீட்டார் எங்கிருந்தாலும் உடனே வரவும். முகூர்த்தம் நெருங்குது."

சுற்றிப் போனால் சாயங்காலம் ஆகும். ஏற்கெனவே ஒரு சாவு விழுந்து தள்ளிப்போன கல்யாணம். இதுவும் தவறினால் வளர்மதியை ராசியில்லாதவள் என்று ஊர் மென்று துப்பிவிடும்.

கரையில் மீன் பிடிக்கிறவர் ஒருவர் லாரி டியூப்களைப் பிணைத்து வைத்திருந்தார். "கையால தள்ளிக்கிட்டே போனா மத்தியானம் ஆகிரும் தம்பி" என்றார். வாடைக்காற்றோ என் முதுகில் அடித்து, நேராகப் பந்தலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எனக்குள் அந்த வெள்ளைக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

டியூப் மேல், அவர் காவலுக்குப் படுக்கிற கயிற்றுக் கட்டில். கட்டில் மேல் நானும், தாலியையும் கூறைப்புடவையையும் மடியில் வைத்துக்கொண்டு என் சரசக்காவும். நாத்தனார் முடிச்சுப் போட அவள் வந்தாக வேண்டுமே! பட்டம் எழும்பியதும் கட்டில் கிளம்பியது பாருங்கள்! கரையில் எங்கள் சனம் விசிலடித்தது.

"ஏலே, இதை நிறுத்துறது எப்படிலே?"

"அது எண்ணெயில போயிருச்சுக்கா."

"என்னது?"

நடுக்கண்மாயில் ஒரு சீமைக்கருவேல மரம் எங்களை நிறுத்தியது. பட்டம் முள்ளில் விழுந்து கிழிந்து கந்தலானது. அக்கரை மைக், "யாரும் பதட்டப்பட வேண்டாம்" என்று பதட்டமாகச் சொன்னது. நான் அக்காவின் மடியைப் பார்த்தேன்.

"ஏலே! உன் பார்வையே சரியில்ல. கூறைப்புடவைலே இது!"

"கல்யாணம் நின்னுபோச்சுன்னா இதை யாருக்கா கட்டுவா?"

அக்கா எங்கள் குலசாமி தொடங்கி வடைக்கடைக்காரர் வரைக்கும் எல்லாரையும் திட்டினாள். பிறகு அவளே பட்டத்தின் மூங்கில் சட்டத்தில் புடவையை இழுத்துக் கட்டினாள். அரக்குப் பட்டு, ஜரிகை மின்ன மேலே ஏறியது. அப்படி ஓர் அழகை வானத்தில் நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. கட்டில் முள்ளை உதறிக்கொண்டு பாய்ந்தது.

கரை முகத்துக்கு நேரே வந்தது. வேறு வழி தெரியாமல் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். புடவை கரையைத் தாண்டிப் பறந்துபோய்ப் பந்தல் மேல் விழுந்தது. கட்டில் மோதி, நான் சேற்றில் தலைகுப்புற விழுந்தேன். அந்த நேரம் பார்த்து மைக் அலறியது:

"புடவை வந்துருச்சு! மாப்பிள்ளையத்தான் இன்னும் காணலை!"

மூங்கில் குத்திய ஓட்டையோடு அதே புடவையைக் கட்டிக்கொண்டு வளர்மதி வந்து உட்கார்ந்தாள். முகூர்த்தம் முடிவதற்குள் தாலி கட்டிவிட்டேன். எனக்கு ஆகாயத்தில் மிதக்கிற சந்தோஷம். சேறு காயாத என் காதருகே அவள் மெதுவாகக் கேட்டாள்: "திரும்பிப் போறதும் கட்டில்லதானா?"

என் மகள் தன் கல்யாணத்துக்கு அந்த ஓட்டைப் புடவைதான் வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை வரத் தாமதமானது. சரசக்கா மைக்கைப் பிடுங்கி, "புடவை வந்துருச்சு! மாப்பிள்ளையத்தான் இன்னும் காணலை!" என்று கத்த, மண்டபமே குலுங்கியது. ஒருவழியாக வாசலில் மாப்பிள்ளை வந்து இறங்கினார்.

வளர்மதி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் உதட்டைப் பிதுக்கினாள்.

"வெறும் கார்லதான் வந்துருக்காக."