முத்து முத்தான அறிவிப்பு

"கையால எழுதிப் போட்டா கோணல்ங்கீக. கம்ப்யூட்டர்ல அடிச்சுப் போட்டா வளையுதுங்கீக. உங்களுக்குக் குறை சொல்லணும், அம்புட்டுதான்!"

இப்படி எங்களை வரவேற்றவர், நீர்ப் பகிர்மான அலுவலகத்து உதவிப் பொறியாளர் சோலைச்சாமி. தொண்ணூற்றாறில், அந்த அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. அடுத்த வீட்டுப் பரிபூரணத்தின் மகளுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம். குழாயில் தண்ணீர் வருமா என்று தெரிந்தாக வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் ஒட்டிய அறிவிப்பைப் படிக்க முடியாமல், அதை உரித்தெடுத்துக்கொண்டு நானும் பரிபூரணமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறியிருந்தோம்.

"இது எழுத்தா சார்? மில்லுல ஒதுக்கின நூல் சிக்கு மாதிரி இருக்கு," என்றேன்.

"ஸ்க்ரீன்ல பாருங்க, முத்து முத்தா இருக்கும்."

"ஸ்க்ரீனையா எங்க தெருவுல ஒட்டப்போறீக?"

அவர் பொறுமையை வரவழைத்துக்கொண்டு விளக்கினார். பொதுமக்களின் வாசிப்பு நலன் கருதி எழுத்துத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. ஆறு வகை எழுத்தில் ஒரே வாக்கியத்தை அடித்து ஊழியர்களிடம் நீட்டினார்கள். ஆறையும் எல்லோரும் மூச்சுவிடாமல் வாசித்துவிட்டார்கள். ஆகவே ஆறுமே தெளிவானவை என முடிவாகி, அழகு கருதி, அப்போது கல்யாணப் பத்திரிகைகளில் கொடிகட்டிப் பறந்த சுருள் எழுத்து ஒருமனதாகத் தேர்வானது.

"என்ன வாக்கியம் சார்?"

"'நாளை குடிநீர் வராது.'"

அந்த அலுவலகத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டும் வாசிப்பார்கள்.

பரிபூரணம் எங்கள் அறிவிப்பை நீட்டினாள். "இதையும் செத்த வாசிச்சுச் சொல்லுங்க."

கிளார்க் காளிராஜ் வாங்கினார். தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி, "நாளை குடிநீர் வராது," என்றார் கணீரென்று.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கான்வென்ட்டில் படித்தவளாயிற்றே நான்! திரும்பி வந்து தெருவுக்கே வாசித்துக் காட்டினேன். ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் விடியலில் தண்ணீர் வந்தது. ஒரு வீட்டிலும் குழாயைத் திறக்கவில்லை. தெருமுனைக் குழாய்க்கு மட்டும் திருகு கிடையாது. அதில் ஓடியதை, எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரே ஜீவனான சங்கையா வீட்டு எருமை வயிறு முட்டக் குடித்துவிட்டு நின்றது. நாங்கள் குடத்தோடு ஓடுவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"'வரும்'னுதானேம்மா போட்டிருக்கோம்! படிச்சவுக நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார் சோலைச்சாமி.

பரிபூரணம் ரிசீவரைப் பிடுங்கினாள்.

"சார், மாப்பிள்ளை வீட்டாரு வத்திராயிருப்புல பஸ் ஏறிட்டாக. ஒரு அரைமணி நேரம் திறந்துவிடச் சொல்லுங்க, சார்... சார்?"