ஐந்தாவது பாட்டு கொஞ்சம் கனம்

கருத்துக்காரரைப் பார்க்க நீங்கள் எங்கும் போக வேண்டாம். இருக்கிற இடத்திலேயே ஒரு புதுப் பாட்டைப் போடுங்கள், அவராகவே வருவார். சர்க்கரை சிந்தியதும் எறும்புக்கு யார் சொல்லி அனுப்புகிறார்கள்? வந்தவர் உட்காருவார், கண்ணை மூடுவார், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தாளத்தை முழங்காலில் தட்டுவார், நடுவில் இரண்டு தடவை "ம்" என்பார், மூன்றாவது "ம்"மைக் கொஞ்சம் நீட்டி இழுப்பார். கண்ணை மூடியது பாட்டைக் கேட்பதற்காக என்று நினைத்தால் உங்களைப் போல அப்பாவி கிடையாது. அடுத்து என்ன சொல்லலாம் என்று உள்ளே தேடிக்கொண்டிருக்கிறார். பாட்டு முடிந்ததும், பல சமயம் முடிவதற்கு முன்பே, கண் திறக்கும்.

"நல்லாத்தான் இருக்கு, ஆனா..."

அந்த 'ஆனா'வுக்காகத்தான் அவர் வீட்டிலிருந்து கிளம்பியதே.

இந்த இனத்தில் மூன்று பேரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்த பெருமை, படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் அக்காவைச் சேரும். அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அவள் அடித்த சட்டத்தின் மூலையில் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள், நடுவே ஒரு தலைமுடி நுழையாது. நுழைந்தால் பிரித்துப் போட்டு மறுபடி அடிப்பாள். அவளுக்கு ஒரே தம்பி. கிதார் வாசிக்கிறவன். மூன்று நண்பர்களோடு இரண்டு வருஷம் ஒரு மாடியறையில் அடைந்து கிடந்து, ஒன்பது பாட்டு கொண்ட இசைத்தட்டு ஒன்றைச் செய்து முடித்திருந்தான். ப்ராக்ரசிவ் ராக். அப்படியென்றால் என்னவென்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் அக்கா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விளக்குவாள்.

"ஒரு பாட்டுக்குள்ளயே நாலு வாசல் இருக்கும். நாம ஏழு எண்ணிட்டு எட்டுன்னு வாயத் திறக்கறதுக்குள்ள அவங்க மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சிருப்பாங்க. சாதாரண ஆளுக்குப் புரியாது."

தனக்குப் புரிகிறதா என்று அவள் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ஒன்பதில் ஐந்து பாட்டு சுவரை இடித்துத் தள்ளும். மற்ற நாலும் தலையைக் கோதிவிடும். இங்கேதான் வம்பு. அந்த நாலும் தம்பி எழுதியவை. நண்பர்கள் மூவருக்கும் அவை பிடிக்கவில்லை. திங்கட்கிழமை இசைத்தட்டு அச்சாகப் போக வேண்டும், நாலையும் எடுத்துவிடலாம் என்றார்கள். தம்பி சண்டை போடத் தெரியாதவன். "வெளியாளுங்க கேட்டுச் சொல்லட்டும். வேணாம்னா எடுத்துடறேன்" என்று நகத்தைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டு வந்துவிட்டான்.

"நான் கேட்டு எழுதி வைக்கறேன்டா. நீ இருந்தா உள்ளதச் சொல்ல மாட்டாங்க, சாயங்காலமா வா" என்றாள் அக்கா.

சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பாதி சாத்தினாள். பெஞ்சைத் துடைத்தாள். கண்ணாடித் தூள் தட்டும் தூரிகையால் சிடி பிளேயரைத் தட்டி, ஈரத்துணியால் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். ஒரு நோட்டில் அடிக்கோல் வைத்து ஒன்பது வரிசை, நாலு கட்டம் போட்டாள். டாக்டர், சித்தப்பா, மருந்துக்கடை, நான்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசிப் பழகியவர், ஆகவே தன் பேச்சுக்கு மறுபேச்சு உண்டென்பதே அவருக்குத் தெரியாது. வீட்டில் ஆயிரம் இசைத்தட்டு வைத்திருக்கிறார், எல்லாம் பிரிக்காத உறையோடு. சித்தப்பாவுக்கு எந்த உரத்த சத்தமும் தனக்கெதிரான சதி. மருந்துக்கடைக்காரர் நேர் எதிர். ஜன்னல் அதிராவிட்டால் அது அவருக்குப் பாட்டே இல்லை. மூவருக்கும் டீ கொடுத்து, பிளேயரைத் தட்டிவிட்டு, அக்கா பாதியில் நின்ற ஒரு சட்டத்தை மடியில் எடுத்துக்கொண்டாள்.

முதல் பாட்டு ஒற்றைக் கிதாரில் மெதுவாகத் தொடங்கி, நடுவில் நாலு பேரும் ஒன்றாக மேலே விழுந்து, கடைசியில் மறுபடி ஒற்றைக் கிதாராக அடங்கியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். மற்றதைக் கைவசம் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது பாட்டு தொடங்கியதும் அவர் விரலை உயர்த்தினார். "கவனிச்சீங்களா? மொத பாட்டோட சாயல இதுல லேசாத் தொட்டுக் காட்டறான். தெரிஞ்ச கை."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. அப்படியே எழுதிக்கொண்டாள்.

மூன்றாவதன் நடுவில் சித்தப்பா போன் பேச வாசலுக்குப் போய், அடங்கிய பிறகு திரும்பினார். "இது தேவலம்மா. காது பொழச்சுது."

"இதெல்லாம் ஒரு பாட்டாங்க? சப்புன்னு இருக்கு" என்றார் நாலாவது தொடங்கி அரை நிமிஷம்கூட ஆகாத மருந்துக்கடைக்காரர்.

"ஐந்தாவது பாட்டு கொஞ்சம் கனம்" என்றார் டாக்டர். "மொத பாட்டுல இருந்த லேசு இதுல இல்ல. ஏழாவதுல பாருங்க, பாடற பையன் குரல் நடுங்குது. களைச்சுட்டான், பாவம்."

"நீங்க இன்னும் ஏழாவது கேக்கலியே டாக்டர்?" என்றாள் அக்கா.

"போக்க வச்சே சொல்லிடலாம்மா."

போக்கை வைத்தே சொன்னதை, ஏழாவது வந்ததும் "நான்தான் சொன்னேனே" என்று உறுதி செய்துகொண்டார். ஒன்பதும் முடிந்தபோது டீ டம்ளர்கள் இரண்டு சுற்று கழுவப்பட்டிருந்தன. மென்மையும் கனமும் எண்ணெயும் தண்ணியும், மென்மையான நாலையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் தீர்ப்புச் சொன்னார். அதை மருந்துக்கடைக்காரர் வழிமொழிந்தார். கனமான ஐந்தையும் எடுக்கச் சொன்ன சித்தப்பா தோற்றுப்போனார். இரண்டுக்கு ஒன்று.

சாயங்காலம் தம்பி வந்தான். நின்றபடியே நோட்டைப் படித்தான். முகம் சுருங்கியது.

"சரிக்கா. எடுத்துடறேன்."

"டாக்டர் உன்னத் தெரிஞ்ச கைன்னாருடா. அதையும் படி."

"படிச்சேன்." காதறுந்த ஊசி மாதிரி நின்றவன் விரல் ஒரு கட்டத்தில் நின்றது. "ஏழாவதுல பாடறவன் குரல் நடுங்குதுன்னு இருக்கே?"

"ஆமா. மூணு பேருமே தலையாட்டினாங்க."

"ஏழாவதுல யாரும் பாடலியேக்கா. வெறும் வாத்தியம். ஐந்தாவதுல டிரம்ஸே கிடையாது, அதுல எங்கேருந்து கனம் வந்துது?"

பிளேயரைத் தட்டினான். சின்னத் திரையில், முதல் பாட்டின் எண்ணுக்குப் பக்கத்தில், தன் வாலைத் தானே துரத்தும் ஓர் அம்புக்குறி. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடும் பொத்தான் அமுங்கியிருந்தது. பளிச்சென்று துடைக்கப்பட்டும் இருந்தது.

மூன்று அறிஞர்கள், ஒரே பாட்டு, ஒன்பது தடவை, இருபத்தேழு கருத்து. ஒன்றுகூட இன்னொன்று போல இல்லை.

தம்பி சிரித்த சிரிப்பில் சுவரில் மாட்டியிருந்த வெற்றுச் சட்டங்கள் ஆடின. அக்காவும் சிரித்தாள். பிறகு தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு நாலாவது கட்டத்தை உரக்கப் படித்தான்.

"எட்டாவது பாட்டு. நான். 'கேட்கும்போது கண்ணீர் வந்துவிட்டது.'"

அக்கா சட்டென்று ஆணி டப்பாவைத் தேடினாள்.

"எப்பக்கா வந்துது கண்ணீர்?"

"என் தம்பி பாட்டுக்கு நான் அழுவேன். அதுக்குக் கேக்கணும்னு என்ன இருக்கு?"

தம்பி பொத்தானை விடுவித்து எட்டாவதைப் போட்டான். அவன் எழுதிய நாலில் ஒன்று.

கிதார் இல்லை. டக், டக், டக் என்று ஒரு சத்தம் மட்டும். சின்ன ஆணியில் சின்னச் சுத்தியல் விழுகிற சத்தம். ஏழு அடி, ஒரு மூச்சு, மறுபடி ஏழு. அதன்மேல் கிதார் மெல்ல வந்து உட்கார்ந்தது. அக்காவின் கை டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் கண்ணை மூடவில்லை, தலையைச் சாய்க்கவில்லை, முழங்காலில் எதையும் தட்டவில்லை. பாட்டு முடியும்வரை "ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணாவது அடி கொஞ்சம் தள்ளி விழுது. ஆணி சாஞ்சிருக்கும். யாருடா அடிச்சது?"

"நீதான்க்கா. போன மழையில கதவுக்குப் பின்னால நின்னு பதிஞ்சேன்."

அக்கா நோட்டை வாங்கினாள். அடிக்கோல் வைத்து நாலு கட்டங்களையும் நேராகக் கோடு இழுத்து அடித்தாள், தன்னுடையதையும் சேர்த்து. "ஒம்போதும் அச்சுக்குப் போகட்டும். உன் கூட்டாளிங்க ஏதாச்சும் கேட்டா இந்த நோட்டக் காட்டு. அந்த மூணாவது அடிய மாத்தாத."

ஒன்பதும் போயின. நோட்டைப் பார்த்த நண்பர்கள் ஒரு வாரம் தங்களுக்குள்கூடக் கருத்துச் சொல்லிக்கொள்ளவில்லை. இசைத்தட்டு வெளிவந்ததும் டாக்டருக்கு ஒன்று கொடுத்தார்கள். அடுத்த நாளே அவர் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "ஐந்தாவத மாத்தச் சொன்னேன், மாத்திட்டான் பாருங்க. இப்பதான் சரியா இருக்கு."

உறையைப் பிரித்தாரா என்று அக்கா கேட்கவில்லை.

நீங்களும் டாக்டரைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. இந்த இசைத்தட்டில் ஒரு சுரத்தைக்கூட நீங்கள் கேட்டதில்லை. இருந்தாலும் எட்டாவது பாட்டுதான் ஒன்பதிலும் உசத்தி என்று முடிவு கட்டிவிட்டீர்களா, இல்லையா?