ஆய்வகத்திலிருந்து முதலில் கிளம்புகிறவள்

செண்டாய், ஜப்பான்

மதிப்பிற்குரிய அத்தாவுக்கு, தங்கள் மகள் மவ்லூதா ஸலாம் கூறி எழுதுவது. இங்கு நானும் என் கடற்பாசிகளும் நலம். அங்கு தங்கள் மூட்டுவலியும் அம்மாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அண்ணன் கல்யாணத்துக்கு வராவிட்டால் இனி என் முகத்தில் விழிக்காதே என்று போனில் கத்தினீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். லீவு என்ன லீவு, சாயங்காலம் அறைக்குப் போவதே இங்கே பெரும்பாடு. எங்கள் பேராசிரியர் காஷிவாகி எழுந்து போகாமல் மாணவர்கள் யாரும் கிளம்புவதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை, ஆனாலும் அப்படித்தான். வந்த புதிதில் எனக்கென்ன தெரியும்? வேலை முடிந்தது, பையை எடுத்தேன், ஜப்பானிய வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி குனிந்து, "உங்களுக்கு முன்னாடி கிளம்புறேன், மன்னிச்சுக்கோங்க" என்று கணீரென்று சொன்னேன். அவ்வளவுதான்! யார் கையிலிருந்தோ ஒரு கண்ணாடிக் குழாய் விழுந்து உடைந்தது. சீனியர் ஒனோதெரா வாசல்வரை ஓடிவந்து, "ஏம்மா, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்றார். "இல்லையே, பசிக்குது" என்றேன். அவர் முகம் வெளுத்தே போய்விட்டது.

மறுநாள் பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். தொலைந்தோம், நம் சமர்கந்துக்கே மூட்டை கட்டவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே போனேன். மனுஷன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கும் அதே மாதிரி கிளம்புவியாம்மா?" என்றார்.

"ஏன் சார்?"

"நீ போனா ஒனோதெரா போவான். அவன் போனா மத்தவங்களும் போவாங்க. பசங்க உழைச்சிட்டிருக்கும்போது நான் எப்படிம்மா எந்திரிச்சுப் போறது? வீட்டுல நாய்கூட என்னைப் பாத்துக் குரைக்குது."

அவருக்காக இவர்களும் இவர்களுக்காக அவரும் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தா! அன்றிலிருந்து எனக்கு அதுவே உத்தியோகம். சோதனை பாதியில் நிற்கிறதே என்று கொஞ்சம் தாமதித்தால் போதும், ஒனோதெரா என் கோட்டைக் கொண்டுவந்து நீட்டுவார். "பாசி எங்கயும் ஓடிடாது, நீ கிளம்பு தாயே!" என் ஆராய்ச்சி நாசமாய்ப் போகிறது, ஆனால் ஆய்வகத்தில் என்னை விட்டால் ஆளில்லை.

இவ்வளவு நல்ல பேர் வாங்கியவளுக்கு லீவு கிடைக்காமலா போகும்? நாளைக் காலையில் கேட்டுவிடுவேன். வரப்போவது நான் ஒருத்திதான்; எனக்காக அம்மா எதையும் இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம். பெரியவர்களுக்கு ஸலாமும் மணமக்களுக்கு என் துஆவும்.

அன்பு மகள்,
மவ்லூதா

பின்குறிப்பு: கேட்டேன். பேராசிரியர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். "நீ ஊருக்குப் போயிட்டா இங்க யாரும்மா முதல்ல கிளம்புவா?" நான் அழுதே விட்டேன். பிறகு எல்லாரும் கூடிக்கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதல் விமானத்தில் நான் கிளம்புகிறேன். அடுத்ததில் ஒனோதெரா. அதற்கடுத்ததில் மற்றவர்கள். கடைசியாகப் பேராசிரியர், மனைவியோடு. அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.