மஞ்சள் அட்டையும் பங்க் கிளாஸ் டிக்கெட்டும்

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே செந்தமிழன் தீர்மானித்துவிட்டார். என்ன ஆனாலும் சரி, ஷோபனாவை உகாண்டாவுக்கு அனுப்புவதில்லை. தீர்மானித்த வேகத்தில் பேஸ்ட்டை விழுங்கிவிட்டார்.

ஷோபனா அவர் மனைவி. அந்தமானில், பாம்பூஃப்ளாட் சுகாதார நிலையத்தில் நர்ஸ். பதினெட்டு வருடமாகச் சாத்தம் துறையில் படகேறி அக்கரைக்குப் போய், வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுகிறவள். அவளுக்குக் கம்பாலாவில் பொது சுகாதாரம் படிக்க இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகையோடு, ஒரு வருடம்.

"ஒரு வருஷமா?"

"வெறும் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளுங்க."

"படிக்கிறவங்க லண்டன் போவாங்க, அமெரிக்கா போவாங்க. உகாண்டாவுக்கா போவாங்க?"

"லண்டன்ல மலேரியாவே இல்ல. அங்க போயி நான் எதைப் படிக்க? நம்மகிட்ட தீவு நிறைய, டாக்டர் கொஞ்சம். அவங்ககிட்ட கிராமம் நிறைய, டாக்டர் கொஞ்சம். இருக்கறத வெச்சு அவங்க எப்படி சமாளிக்கிறாங்கன்னு பாக்க வேணாமா?"

"அப்ப என்னை யாரு சமாளிக்கிறது?"

"அதுக்குத்தான் நாளையிலருந்து ட்ரெயினிங். முதல் பாடம், குக்கர்."

குக்கர் பாடத்தில் செந்தமிழன் தேறவில்லை. தண்ணீர் ஊற்ற மறந்து, ஹேடோ குவார்ட்டர்ஸ் முழுவதும் ஜன்னலைத் திறக்க வைத்தார். ஆனால் அவருடைய பயம் சோற்றைப் பற்றியது அல்ல. போன வருடம் அவள் நிக்கோபார் முகாமுக்கு நான்கு நாள் போனாள். மகள் ஸ்வேதா சென்னைக் கல்லூரிக்குப் போவதற்கு முந்திய வருடம் அது. மகள் வீட்டில் இருந்தும் போனும் கையுமாகவே இருந்தாள். வீட்டில் திட்ட ஆளில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார், ஒரு குரலும் வரவில்லை. நாலாம் நாள் அவரே துண்டை எடுத்துக் காயப்போட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து அழுதார். நாலு நாளுக்கே இப்படி என்றால் ஒரு வருடத்துக்கு என்ன ஆவார்?

வழி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஷோபனா எழுதிய பயண லிஸ்ட். பாஸ்போர்ட், டிக். விசா, டிக். கொசுவலை, டிக். ஒரே ஒரு வரிக்கு மட்டும் டிக் இல்லை: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி.

"ஷோபனா, இந்த ஊசி கட்டாயமா?"

"போடாம உகாண்டாவுக்குள்ள விடமாட்டாங்க. போட்டு பத்து நாள் ஆகியிருக்கணும். ஊசி போட்டதுக்கு மஞ்சள் அட்டை தருவாங்க, அதக் காட்டணும்."

"இங்கயே போட்டுக்கலாம்ல?"

"சென்னைக்குத்தான் போகணும்."

செந்தமிழனுக்குள் ஒரு பல்ப் எரிந்தது. அவர் ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் டிக்கெட் கவுண்டர் கிளார்க். எந்தக் கப்பல் எப்போது கிளம்பாது என்பது அவருக்கு அத்துப்படி. நவம்பர் பதினாலாம் தேதி மெயின்லேண்டுக்கு, அதாவது சென்னைக்கு, போக ஒரு கப்பல் இருந்தது. அந்த வருடம் ஒரு தடவைகூட அது சொன்ன தேதியில் கிளம்பியதில்லை. கப்பல் தள்ளிப்போனால் ஊசி தள்ளிப்போகும். ஊசி தள்ளிப்போனால், முப்பதாம் தேதி சென்னையிலிருந்து உகாண்டா விமானம் ஷோபனா இல்லாமல் பறக்கும்.

"சென்னை ஃப்ளைட்ல ஒரு சீட்கூட இல்லையாம்" என்றார் சோகமாக.

"ஒண்ணுகூடவா?"

"சத்தியமா இல்ல. கப்பல்தான் வழி. இருக்கறதுல மலிவு, பங்க் கிளாஸ் போட்டுத் தர்றேன்."

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். தொட்டிக்குள் டார்ச் அடிக்கும்போது பார்க்கிற அதே பார்வை.

"சரிங்க. டிக்கெட் ஃபாரத்தை நானே நிரப்பித் தர்றேன்" என்றாள்.

இவ்வளவு சுலபமாகவா! அவள் தந்த ஃபாரத்தைப் பிரித்துப் பார்க்காமல், மடித்தபடியே பையில் வைத்துக்கொண்டு போனார். சொந்தக் குடும்பத்து டிக்கெட்டைத் தன் கையால் போட்டால் நாலு பேர் பேசுவார்கள் என்று, பக்கத்துக் கவுண்டர் நாகலிங்கத்திடம் நீட்டினார். நாகலிங்கம் பிரித்துப் படித்தார். செந்தமிழனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பக்கா?"

"பக்கா."

"சோச் லோ பாய். மூணு நாள் சமுந்தர்."

"அதெல்லாம் யோசிச்சாச்சு. அடி ஓய், டிக்கெட்ட."

அப்போதுதான் இவருடைய கவுண்டரில் ஒரு பெங்காலிப் பெரியவர் வந்து நின்றார். அவருக்கு டிக்கெட்டைக் கொடுத்து, இருபத்திரண்டு வருடமாகச் சொல்வதைக் கத்தினார்: "நாம், தாரீக் தேக் லோ! பேரு, தேதி பாக்காம நகர்ந்துட்டு அப்புறம் எங்கிட்ட வராதே!" கத்திக்கொண்டே நாகலிங்கம் தந்த டிக்கெட்டை வாங்கி, பார்க்காமல் சட்டைப் பையில் போட்டார்.

பதிமூன்றாம் தேதி அறிவிப்பு வந்தது. வானிலை சரியில்லை, கப்பல் இருபத்திரண்டாம் தேதிதான். செந்தமிழன் கழிவறைக்குள் போய்ச் சத்தம் வராமல் சிரித்துவிட்டு, முகத்தை இழவு வீட்டுக்குத் தோதாக மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"போச்சு ஷோபனா. எல்லாம் போச்சு. உனக்குப் படிக்கக் கொடுத்து வைக்கல."

"என் படிப்புக்கு என்னங்க ஆச்சு?"

"ஊசி?"

அவள் பீரோவைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். ஜூலை மாதத் தேதி. ஸ்வேதாவைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோதே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அப்பவே இடம் கிடைக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"வர்றதுக்கு முன்னாடியே பாத்து வெக்கிறதுதாங்க பொது சுகாதாரம். எனக்கு இருபத்தெட்டாம் தேதி இங்கருந்து சென்னைக்கு ஃப்ளைட். ரெண்டு மாசம் முந்தியே டிக்கெட் போட்டாச்சு."

"அப்ப அந்த லிஸ்ட்ல டிக் போடாத ஊசி?"

"அது உங்களுது. நாலு நாளே தாங்காத மனுஷன் ஒரு வருஷம் தாங்குவாரா? மார்ச்ல லீவு போட்டு உகாண்டா வந்து என்னைப் பாக்கறீங்க. சென்னையில ஊசி போட்டுட்டு, முப்பதாம் தேதி என்னை ஏர்போர்ட்ல வழியனுப்பிட்டு வாங்க."

செந்தமிழனுக்குக் கண் கலங்கியது. அது சந்தோஷத்தில் பாதிதான். மலேரியா ரத்தப் பரிசோதனைக்கு மனைவியே விரலைக் கேட்டபோது கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவர் அவர். கல்யாணமாகி வந்த கப்பலில் மூன்று நாளும் வாளியைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியவர். அதற்குப் பிறகு டிக்கெட் விற்றாரே தவிர, மெயின்லேண்ட் கப்பலில் கால் வைத்ததில்லை.

"ஃப்ளைட்ல போறேனே" என்றார், அழாக்குறையாக.

"ஒரு சீட்கூட இல்லைன்னு சத்தியம் பண்ணீங்களே."

ஷோபனா, அவர் கொண்டுவந்து தந்திருந்த கப்பல் டிக்கெட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நாம், தாரீக் தேக் லோ" என்றாள்.

பார்த்தார். பெயர்: செந்தமிழன். பங்க் கிளாஸ். தேதி தள்ளிப்போயிருக்கிறது, பெயர் அப்படியேதான் இருக்கிறது. இனி அவருக்கிருந்த ஒரே நம்பிக்கை அந்தக் கப்பல்தான். அது ஒருநாளும் சொன்னபடி கிளம்பியதில்லை. இன்னும் இரண்டு தடவை தள்ளிப்போனால் தப்பித்துவிடலாம். எட்டு நாளும் வானத்தைப் பார்த்து மழை கேட்டார்.

இருபத்திரண்டாம் தேதி ஹேடோ துறையில், புது வாளியோடு அவர் ஏறிய அந்தக் கப்பல், சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிட்டது.